கடைசி வரிக்கு அப்புறம் வந்த வரி

பேய் பிசாசு கதையெல்லாம் யாராவது சொன்னா எழுந்து போய் சோறு வடிக்கிற ஆளு நான். சாமி கும்பிடுவேன், அது வேற. காசிமேட்டுல பொறந்தவ, கடலுக்குப் போன எத்தினியோ பேர் கரையில பொணமா ஒதுங்கினத பாத்திருக்கேன், எம் புருஷனையும் அப்படித்தான் பாத்தேன், ஒருத்தரும் திரும்பி வந்து என்னாண்ட ஒரு வார்த்தை பேசினது இல்ல. செத்தா அதோட முடிஞ்சுதுனுதான் நெனச்சுக்கினு இருந்தேன். இப்ப எழுதப்போறத நீங்க நம்பினா நம்புங்க, நம்பலனாலும் கோவிச்சுக்க மாட்டேன், உங்க எடத்துல நான் இருந்தா நானும் நம்பியிருக்க மாட்டேன்.

என் பேரு கனகவல்லி. அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன். நாலு பேர் எதிர்ல எனக்கு வாய் வராது, சின்ன வயசுலேர்ந்தே அப்படி, ரேஷன் கடையில என் முன்னால ஒருத்தி பூந்துட்டா கூட சும்மா நிப்பேன். அதனாலதான் வாயால சொல்லாம எழுதறேன். பக்கத்து வூட்டு மல்லிகா அக்கா போன வருஷம் செத்துட்டா. அவ சாவுல எனக்குப் பங்கு இருக்கா இல்லையானு எனக்கே தெரியல. அவ புள்ள வேலு என்னை ஒரு கேள்வி கேட்டான், அதுக்கு இன்னும் பதில் சொல்லல. இது அந்த பதிலுதான்.

நானும் மல்லிகாவும் எறா உரிக்கிற ஷெட்டுல முப்பது வருஷத்துக்கு மேல ஒன்னா உக்காந்தவங்க. ஹவுசிங் போர்டு வூட்டுலயும் பக்கத்துப் பக்கத்து வூடு, நடுவுல ஒரே செவுரு. அவளுக்குப் படிக்கத் தெரியாது. டீக்கடையில முந்தின நாள் பேப்பர வாங்கினு வந்து என் மடியில போடுவா, "கனகு, எவன் எவள வெட்டினான், படி"ம்பா. மத்த நியூசு எதுவும் வேணாம் அவளுக்கு, கொலைதான் வேணும். நான் எழுத்துக் கூட்டி கூட்டிப் படிப்பேன். வேற எங்கயும் வராத வாயி எனக்கு அங்க மட்டும் வரும், அது ஏன்னு கேக்காதீங்க. ஐஸுல வெரல் மரத்துப்போய் உக்காந்திருக்கற பொம்பளைங்க எல்லாம் கையை நிறுத்தாம காதை மட்டும் என் பக்கம் வெச்சிருப்பாளுங்க. பாதி படிக்கும்போதே மல்லிகா சொல்லிடுவா, "புருஷன்தான். வேற எவன் அம்மாம் பொறுமையா வெட்டுவான்?" பத்துக்கு எட்டு அவ சொன்னதுதான் சரியா இருக்கும்.

கொலை நியூசு எல்லாம் ஒரே மாதிரிதான் முடியும், நீங்களும் பாத்திருப்பீங்க. "போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்." அந்த எடம் வந்தா நான் நிறுத்திடுவேன், ஷெட்டே ஒன்னா சேந்து "விசாரித்து வருகின்றனர்"னு ராகமா பாடும், அப்புறம் சிரிப்பு. அதுக்கு மேல எந்த நியூசுலயும் ஒரு எழுத்து இருக்காது. அது எங்களுக்கு மணி அடிச்ச மாதிரி.

ஒரு வாட்டி புளியந்தோப்புல ஒரு கொலைனு படிச்சுட்டு, மல்லிகா என்னை ஷேர் ஆட்டோல இட்டுனு போயிட்டா அந்த வூட்டைப் பாக்க. வேர்க்கடலை தின்னுகினு எதிர்ல நின்னோம். உள்ளேர்ந்து ஒரு அம்மா வந்து "சொந்தக்காரங்களா, வெயில்ல நிக்கறீங்களே"னு ரெண்டு டம்ளர் தண்ணி குடுத்துது. குடிச்சுட்டு வந்துட்டோம். அந்தத் தண்ணிய குடிச்சிருக்கக் கூடாதுனு இப்ப தோணுது. அன்னிக்கு ஒன்னும் தோணல. திரும்பி வர வழியெல்லாம், வாசப்படியில இருந்த கறை ரத்தமா பாக்கு எச்சிலானு பேசிக்கினு வந்தோம்.

இப்படி இருக்கும்போதுதான் சினிமாக்காரங்க வந்தாங்க. டைரக்டர் தம்பிக்கு முப்பது வயசு இருக்கும். நான் ஷெட்டுல படிக்கறத எப்படியோ வெளிய நின்னு கேட்டிருக்கான். எங்களாண்ட ஒரு கதை சொன்னான்: ரெண்டு கெழவிங்க, கொலை நியூசுன்னா உசுரு, ஒரு மாசமா ஏரியாவுல கொலையே வரலியேனு ஏங்கறாங்க, அப்புறம் தெருவுல போறவன் வர்றவன் எல்லாரையும் கொலைகாரன்னு நெனச்சு பின்னாலயே போறாங்க, கடைசியில ஒருத்தி செத்துடறா, இன்னொருத்தி அவ பக்கத்துலயே உக்காந்து அவ கொலை நியூச சந்தோஷமா படிக்கறா. இதான் படம். சிரிப்புப் படம்னான். எனக்குக் கேக்கும்போதே ஒரு மாதிரி இருந்துச்சு. மல்லிகாவுக்குக் கண்ணு மின்னுச்சு.

"செத்தவ நானு. படிக்கறவ இவ. வேற யாரையும் போடாத நைனா, நாங்களே கீறோம்."

எனக்கு நடிக்க வராதுனு சொல்லிப் பாத்தேன். "நீங்க நடிக்கவே வேணாம் ஆயா, ஷெட்டுல படிக்கற மாதிரி படிங்க"னான் தம்பி. படத்துல பாதி வரைக்கும் எப்படியோ தலைய ஆட்டி ஓட்டிட்டேன். கடைசியில அந்த சாவு சீன் வந்துச்சு.

அத மல்லிகா வூட்டுலயே எடுத்தாங்க. சாயங்காலம் நாலு மணி இருக்கும். பழைய பேப்பர் ஒன்னு மேல நியூசு மாதிரி அச்சடிச்ச துண்டை ஒட்டி என் கையில குடுத்தாங்க. அதுல செத்தவ பேரு வேற என்னமோ போட்டிருந்துது. மல்லிகா ஒத்துக்கல.

"என் பேரையே போடு நைனா."

"வேணாங்க்கா, நல்லா இல்ல"னேன் நான்.

"அட போடி. பேப்பர்ல பேரு வர்றதுக்கு நம்பளுக்கு வேற இன்னா வழி கீது?"

எல்லாரும் சிரிச்சாங்க. திரும்ப அச்சடிச்சு ஒட்டினாங்க. அவளைத் தரையில படுக்க வெச்சு, ரெண்டு கட்டை வெரலையும் சேத்துக் கட்டி, தாடைக்கு வெள்ளைத் துணி கட்டி, நெத்தியில ஒத்த ரூபா வெச்சாங்க. "கண்ண மூடினா தூக்கம் வந்துரும் நைனா, கொறட்டை வுட்டா சீனை வெட்டிடுவியா?"னு துணி கட்டறதுக்கு முன்னாடி கேட்டா. அதுக்கப்புறம் அசையல. எத்தினியோ பொணம் பாத்த நானே மூச்சு வருதானு குனிஞ்சு பாத்தேன்.

ரெடினு சொன்னதும் படிக்க ஆரம்பிச்சேன்.

"காசிமேடு பகுதியில் வசித்து வந்தவர் மல்லிகா, வயது எழுபது. நேற்று மதியம் வீட்டில் மர்மமான முறையில் பிணமாகக் கிடந்தார். தகவல் அறிந்து வந்த போலீசார் உடலைக் கைப்பற்றி, வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்."

நிறுத்தணும். எப்பவும் நிறுத்தற எடம். ஆனா கீழ இன்னொரு வரி இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு. அதே அச்சு, அதே கருப்பு மை. என் பழக்கம், எழுத்து கண்ணுல பட்டா வாயி படிச்சுரும். படிச்சுட்டேன்.

"பக்கத்து வீட்டில் வசிக்கும் கனகவல்லி, வயது அறுபத்தெட்டு, சுவரைத் தட்டும் சத்தம் கேட்டும் விளையாட்டு என்று நினைத்து எழுந்து செல்லவில்லை."

வூடு பூரா சிரிப்பு. கேமராக்காரன் குலுங்கறான். பொணமா படுத்திருந்த மல்லிகா வயிறு குலுங்குது, நெத்தி ரூபா நழுவி தரையில உருண்டுச்சு. தம்பி கையைத் தட்டினான். "ஆயா, சொந்தமா ஒரு லைன் போட்டீங்க பாரு, அதான் படம்." நான் சொந்தமா போடலபா, இதுல இருக்குதுனு பேப்பரைக் காட்டினேன். தம்பி வாங்கிப் பாத்துட்டு சிரிச்சுக்கினே திருப்பிக் குடுத்தான். நான் பாத்தேன். "வருகின்றனர்", புள்ளி, அதுக்குக் கீழ வெறும் வெள்ளை. கண்ணுல புரை எடுத்த ஆளு நான், பழைய பேப்பரோட எழுத்து ஏதோ ஒட்டின துண்டுக்குள்ளேர்ந்து தெரிஞ்சிருக்கும்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கினேன். பழைய பேப்பர்ல என் பேரு எப்படி இருக்கும்னு யோசிக்கல.

இன்னொன்னும் சொல்லணும். சினிமாவுல பொணமா நடிச்சவங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடி கண்ணைத் தொறந்து கேமராவப் பாத்து சிரிக்கணுமாம், அதையும் எடுத்து வெப்பாங்களாம், அப்பத்தான் தோஷம் போவும்னு சினிமா கம்பெனி மேனேஜர் காலையில சொல்லிக்கினு இருந்தார். வெளிச்சம் போகுதுனு அவசரத்துல "அதான் நடுவுலயே சிரிச்சுட்டாங்களே"னு வுட்டுட்டாங்க. கண்ணை மூடிக்கினு சிரிச்சது கணக்கானு எனக்குக் கேக்கணும் போல இருந்துச்சு. அம்மாம் பேர் நடுவுல எப்படி கேக்கறது. வெக்கப்பட்டுக்கினு கட்டை வெரல் கட்டை மட்டும் அவுத்து வுட்டேன்.

அதுக்கப்புறம் மல்லிகாவுக்கு ஒரு வெளையாட்டு வந்துருச்சு. என் வரி அவளுக்கு அவ்ளோ புடிச்சுப்போச்சு. மருமவ புள்ளைப்பேறுக்கு அம்மா வூட்டுக்குப் போயிருந்தா, வேலு தொறமுகத்துல டிரெய்லர் ஓட்டறவன், பகல்ல இருக்க மாட்டான். மத்தியானம் நான் படுத்த நேரம் பாத்து செவுத்தை டம் டம்னு தட்டுவா, "கனகு, கொல்றாங்கடி"னு மொனகுவா. மொத நாள் செருப்பு கூட போடாம ஓடினேன். தரையில காலை நீட்டிக்கினு, தாடைக்கு துண்டைக் கட்டிக்கினு படுத்திருந்தா, என்னைப் பாத்ததும் ஒத்தக் கண்ணைத் தொறந்து "எழுந்து வந்துட்டியே, நியூசு தப்பாப் பூடுச்சே"னா. ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். நல்லா நெனச்சுப் பாருங்க. நான் அந்த வரிய படிக்காம இருந்திருந்தா அவளுக்கு இந்த வெளையாட்டே தோணியிருக்காது. அதுதான் எனக்குப் புரியாத எடம். நடக்கப்போறது முன்னாடியே தெரிஞ்சுதா, இல்ல நான் வாயால சொன்னதால நடந்துச்சா.

வாரத்துக்கு ரெண்டு வாட்டி தட்டுவா. ஒரு நாள் அவ தட்டினானு ஓடி, அடுப்புல இருந்த நெத்திலிக் கொழம்பு அடி புடிச்சுருச்சு. அன்னிக்கு மட்டும் கொஞ்சம் கோவமா பேசிட்டேன். "இனிமே தட்டு, நான் வரமாட்டேன் பாரு"னேன். அவ சிரிச்சா.

மறு நாள். சித்திரை வெயில், மூணு மணி. கண்ணு சொக்குது. செவுத்துல டம் டம் டம். மொனகல் இல்ல, தட்டல் மட்டும்தான். ஒரு நிமிஷம் தலையைத் தூக்கினேன். பொய் சொல்லக்கூடாது, தூக்கினேன். இன்னிக்கு வேற மாதிரி பண்றா, வாய மூடிக்கினு தட்டறானு தோணுச்சு. திரும்ப டம் டம். நான் படுத்த எடத்துலேர்ந்தே கத்தினேன், "செத்துப் போ, நாளைக்குப் படிக்கறேன்."

தட்டறது நின்னுடுச்சு.

நான் சிரிச்சுக்கினே திரும்பிப் படுத்தேன். தூங்கியும் போயிட்டேன். அஞ்சரைக்கு டீ எடுத்துனு அவ வூட்டுக்குப் போனா, செவுத்தோரம் கை மேல தூக்கின மாதிரி சரிஞ்சு கெடந்தா. இப்பவும் டமாஷுனுதான் நெனச்சேன். "எழுந்திரு அக்கா, டீ ஆறுது"னேன். ரெண்டு வாட்டி சொன்னேன். அப்புறம் பொடவ ஈரமா இருக்கறதப் பாத்தேன். அப்பத்தான் அந்த வரி ஒரு எழுத்து கூட கொறையாம ஞாபகம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி வந்திருக்கக் கூடாதா.

ஆஸ்பத்திரியில மாரடைப்புனாங்க, வலி வந்தவுடனே இட்டுனு வந்திருந்தா பாத்திருக்கலாம்னாங்க. வேலு லோடை பாதியில வுட்டுட்டு ஓடியாந்தான். என் பக்கத்துல வந்து உக்காந்தான், அழுவல.

"சின்னம்மா, மத்தியானம் அம்மா கூப்புட்டுச்சா? எதுனா சத்தம் கேட்டுச்சா?"

"இல்லபா"னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல. சுத்தி பத்து பேர் நின்னாங்க, எல்லாரும் என் வாயையே பாத்தாங்க. இல்லபானு அதுவா வந்துருச்சு. "நீ இருந்தும் கேக்கலனா அது கூப்புடவே இல்ல, தூக்கத்துலயே பூட்டுச்சு போல"னு அவனே சொல்லிக்கினான். அதுல அவனுக்கு ஒரு ஆறுதல் இருந்துச்சு. அத நான் கெடுக்கல.

காரியம் எல்லாம் முடிஞ்சு டைரக்டர் தம்பி மாலையோட வந்தான். நல்ல புள்ள, மனசு சங்கடப்பட்டான். மடியில வெக்கற கம்ப்யூட்டர்ல அந்த சீனைப் போட்டுக் காட்டினான். நான் படிக்கறேன், மல்லிகா படுத்திருக்கா. "விசாரித்து வருகின்றனர்"னு சொல்லிட்டு நான் வாய மூடறேன். பேப்பரையே பாத்துனு உக்காந்திருக்கேன். ஒரு வார்த்தை இல்ல, ஒதடு அசையல. கொஞ்ச நேரம் கழிச்சு எல்லாரும் சிரிக்கறாங்க, மல்லிகா வயிறு குலுங்குது, ரூபா உருளுது.

"அந்த வரி எங்கபா?"

"இதோ சொன்னீங்களே ஆயா."

"நான் வாயே தொறக்கல."

தம்பி திரும்பப் போட்டான். மூணு வாட்டி போட்டான். அவனுக்குக் கேக்குது, கூட வந்த பொண்ணுக்கும் கேக்குது, அந்த எடம் வந்தா அந்தப் பொண்ணு கூட சேந்து ஒதட்டை அசைக்குது. எனக்கு மட்டும் ஒன்னும் இல்ல. காது மந்தமாயிருக்கும்னு அந்தப் பொண்ணு என் கையைப் புடிச்சுக்கினுச்சு. காது மந்தம்னா சிரிப்பு மட்டும் எப்படி கேக்கும், ஒதடு ஏன் அசையல.

தம்பி மெதுவா கேட்டான், "ஆயா, அவங்க போனதுக்கப்புறம் இந்த லைன் உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, எடுத்துடறேன். படத்துலயே பெரிய சிரிப்பு இதான், ஆனா பரவால்ல."

எடுத்துடுபானு சொல்லணும்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு. சொன்னா ஏன்னு கேப்பான். ஏன்னு சொன்னா சத்தம் கேட்டதச் சொல்லணும். அப்பத்தான் வேலு வந்து வாசல்ல நின்னான்.

"இருக்கட்டும்பா"னேன்.

படம் வந்துச்சு. நான் பாக்கல. தெருவுல போறவங்க பாத்துட்டு வந்து "ஆயா சூப்பரு"னு கன்னத்தைக் கிள்ளினாங்க. வேலு ஒரு வாரம் கழிச்சு தனியாப் போனான், அம்மாவைப் பாக்கணும்னு. சாயங்காலம் நேரா என் வூட்டுக்குத்தான் வந்தான். வாசல்லயே நின்னான்.

"அம்மா நல்லா இருந்துச்சு சின்னம்மா. பொணமா கூட சிரிச்சுக்கினு கீது."

"உக்காருபா, டீ போடறேன்."

"அந்த கடைசி சீன்ல நீ நியூசு படிச்சு முடிச்சுட்டு வாய மூடிக்கினு சொம்மா உக்காந்துகினு கீறே. தியேட்டரே சிரிக்குது. எனக்கு ஒன்னும் புரியல, இன்னாத்துக்கு சிரிக்கறாங்கனு திரும்பித் திரும்பிப் பாத்தேன். நீ எதுனா சொன்னியா? எனக்கு மட்டும் காதுல வுழலியா?"

பால் பாத்திரத்தைக் கீழ வெச்சுட்டேன்.

"இன்னா சொன்ன சின்னம்மா?"

"அப்புறம் சொல்றேன்பா"னேன்.

"சரி"னு போயிட்டான்.

அவன் திரும்பக் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னமோ. படம் பாத்தவங்க எல்லாருக்கும் அந்த வரி தெரியும், இந்தத் தெருவுல எவன் வேணா நாளைக்கு அவனாண்ட சிரிச்சுக்கினே சொல்லிடுவான், அதுக்கு முன்னாடி நான் சொல்லிடணும்னுதான் ஆறு நாளா உக்காந்து எழுதறேன். அவனுக்குப் படிக்கத் தெரியும்.

எனக்கு ஏன் கேக்கலனு யோசிச்சா அதுல ஏதோ ஞாயம் இருக்கற மாதிரி தெரியுது, அவ தட்டினது கேட்டும் போவாதவ நான். அவனுக்கு ஏன் கேக்கல? புள்ள மனசு ஒடஞ்சுடும்னு மல்லிகாதான் அவன் காதை மூடினாளா? இல்ல, அவனுக்கு அத நான்தான் சொல்லணும்னு வுட்டு வெச்சிருக்காளா? இந்த ரெண்டுல எதுன்னு தெரிஞ்சாத்தான், அவ எம் மேல கோவமா இருக்காளா இல்லையானு எனக்குத் தெரியும். இதோ, செவுத்துக்கு அந்தப் பக்கம் வேலு வூட்டுல பேச்சு சத்தம் கேக்குது. குழந்தை அழுவுது. நோட்டை மூடி கையில எடுத்துக்கினு எழுந்து போகணும்.